ஜொகூரில் ஆடிப்பட்டம் கிடையாது

தாமான் வீட்டில் புதிதாகக் காய்கறி போடத் தொடங்குகிறவர்கள் என்னிடம் வந்து கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, ஆடிப்பட்டத்துக்கு என்ன விதைக்கலாம்?" கோயம்புத்தூர், மதுரைப் பக்கத்து மாடித்தோட்டக் காணொளிகளை யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஊருக்குப் போய் வந்தவர்கள் நாட்டு விதைகளைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் எங்கள் ஊரான தம்போயில் ஆடி மாதம் என்பது கோயிலில் கூழ் ஊற்றுகிற மாதம். அதை விதைக்கிற மாதம் என்று சொல்ல இங்கே ஒரு காரணமும் கிடையாது.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொன்ன விவசாயி தன் ஊர் வானத்தை நன்றாகப் படித்தவர். தென்மேற்குக் காற்று எப்போது வரும், ஐப்பசி மழை எப்போது இறங்கும், அதற்குள் செடி எவ்வளவு உயரம் வந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அதைச் சொன்னார். நாமும் நம் தலைக்கு மேலிருக்கும் வானத்தைப் படிக்க வேண்டும். ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை பாகை வடக்கே இருக்கிறது. வருடம் முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். மழை எந்த மாதத்திலும் அடியோடு நிற்பதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இருக்கும். அதன் முற்பாதியில், குறிப்பாக டிசம்பர், ஜனவரியில், விடாத அடைமழை. பிற்பாதியில் பிப்ரவரியை ஒட்டிக் கொஞ்சம் காய்ச்சல். ஏப்ரல், மே வந்தால் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னலோடு கொட்டும். அதற்குப் பிறகு வரும் மாதங்களில் விடியற்காலையில் திடீரென்று காற்றும் மழையுமாக ஒரு வீச்சு வரும். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கமிருந்து வருவதால் அதற்குச் 'சுமத்ரா' என்றே பெயர். குலை தள்ளிய வாழையைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்தக் காற்றுதான்.

ஆக, தமிழ்நாட்டில் தண்ணீர் எப்போது கிடைக்கும் என்று பார்த்து விதைக்கிறார்கள். இங்கே தண்ணீர் எப்போது வடியும் என்று பார்த்து விதைக்க வேண்டும். இந்த ஒன்று மனசில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அடுத்தது மண். நம் தாமான் வீடுகளின் மண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள். மேலே புல் வேரோடு விரல் தடிமனுக்குக் கறுப்பு மண் இருக்கும். அதற்குக் கீழே மஞ்சளும் சிவப்புமாகக் களிமண், நடுநடுவே துருப்பிடித்த நிறத்தில் செம்பாறைச் சரளை. இன்னும் தோண்டினால் செங்கல் துண்டு, காய்ந்த சிமெண்ட் கட்டி, சில இடங்களில் ஓட்டுச் சில்லு. வீடமைப்புக்காக மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பியபோது மேல்மண் முழுக்க எங்கோ போய்விட்டது. நமக்குக் கிடைத்தது அடிமண். அந்தக் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வாருங்கள். தண்ணீர் அப்படியே நிற்கிறதென்றால் அங்கே நேரடியாக எதையும் நடக்கூடாது.

இந்த நாட்டு மேட்டு மண் இயல்பிலேயே புளித்த மண். பி.எச். அளவு பெரும்பாலும் 4.5, 5 என்றுதான் நிற்கும். நம் காய்கறிகளுக்கு 6க்கு மேல் வேண்டும். புளிப்பு அதிகமானால் மண்ணிலிருக்கும் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். போட்ட உரத்தில் இருக்கும் மணிச்சத்தை மண்ணே பிடித்துவைத்துக்கொள்ளும். "உரம் போட்டுக்கிட்டே இருக்கேன், செடி அப்படியே நிக்குது" என்று சொல்கிறவர்களின் வீட்டில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. செடிக் கடைகளில் ஜி.எம்.எல். என்று கேட்டால் மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புத் தூள் கிடைக்கும். ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கைப்பிடி தூவிக் கிளறிவிட்டு, இரண்டு வாரம் சும்மா விடுங்கள். அதன் பிறகுதான் கோழி எரு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எருவிலிருக்கும் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும், மூக்குக்கே தெரியும்.

இந்த விஷயங்களை நான் முதலில் தெரிந்துகொண்டது எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் பாட்டி கூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் முன் முதல் நாள் அடுப்புச் சாம்பலை ஒரு தகர டின்னில் அள்ளிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போவார். கத்தரிக்கும் கீரைக்கும் தூவுவார். "பூச்சிக்குப் போடுறீங்களா பாட்டி?" என்று கேட்டால், "மண்ணு புளிச்சிப் போயி கெடக்குதுய்யா, சாம்பல் போட்டாத்தான் கீரை தளதளன்னு வரும்" என்பார். விறகுச் சாம்பல் மண்ணின் புளிப்பை முறிக்கும், சாம்பல் சத்தும் கொடுக்கும். பள்ளிக்கூடமே போகாத அந்த அம்மா ஜொகூர் மண்ணுக்கு என்ன வேண்டும் என்பதை நாக்கில் வைத்துப் பார்த்த மாதிரி தெரிந்து வைத்திருந்தார். பாத்தியை முழங்கால் உயரத்துக்கு மேடாக்கி, இரண்டு பக்கமும் கால்வாய் வெட்டியிருப்பார். தமிழ்நாட்டில் அவருடைய அம்மா செய்திருக்கக்கூடியது இதற்கு நேர்மாறு: தண்ணீர் நிற்பதற்காகப் பாத்தியைத் தாழ்த்தி, சுற்றி வரப்பு கட்டியிருப்பார். ஒரே தலைமுறையில் நம் பெண்கள் அந்தக் கையை மாற்றிக்கொண்டார்கள். அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

அந்த லயத்துப் பின்கட்டு நிலம் முதலாளி கருணையால் மட்டும் வந்ததில்லை. ஆங்கிலேயர் காலத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைக் காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ தோட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. எல்லாத் தோட்டத்திலும் முழு அளவில் கொடுத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு என்றால் சுமார் 2,720 சதுர அடி. இன்றைக்கு 20க்கு 70 அடி மனையில் கட்டிய ஒரு டெரஸ் வீட்டின் மொத்த மனையே 1,400 சதுர அடிதான். வீடு, கார் நிறுத்துமிடம், பின்பக்கச் சாக்கடை எல்லாம் அதற்குள். பட்டினியும் காய்ச்சலுமாகக் கிடந்த ஒரு தோட்டத் தொழிலாளிக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டியிருந்த காய்கறி நிலம், இன்றைக்கு முப்பது வருடக் கடனில் வாங்கும் வீட்டு மனையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மவுண்ட் ஆஸ்டின் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். இன்றைக்குக் காப்பிக் கடைகளும் அடுக்குமாடிகளுமாக இருக்கும் அந்த இடம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்.

அந்தக் காய்கறி நிலம் உயிரைக் காத்த காலமும் உண்டு. 1942இல் ஜப்பானியர் வந்த பிறகு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி சுருங்கிப்போனது. ஆண்கள் பலரைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றரை வருடம் மரவள்ளிக் கிழங்கை வைத்துத்தான் பெண்கள் குடும்பத்தை நிறுத்தினார்கள். அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர்கள் சிலர் கடைசிவரை மரவள்ளியைத் தட்டில் தொடமாட்டார்கள். ஆனால் வீட்டு மூலையில் நாலு குச்சி நட்டு வைக்காமலும் இருக்கமாட்டார்கள். 1974இல் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைக் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னபோது, தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அது புதிதாக எதையும் சொல்லவில்லை. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோதுதான் தாமான் பிள்ளைகளுக்கு மறுபடி மண் ஞாபகம் வந்தது. எங்கள் வரிசையில் அப்போது தொட்டி வாங்கியவர்களில் சிலர் இன்றைக்கும் கீரை போடுகிறார்கள். அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

சரி, என்ன போடலாம்?

கீரைதான் முதலில். தண்டுக்கீரை, இங்கே பாயம் என்று விற்கும் கீரை, காங்கோங் இவையெல்லாம் ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வந்துவிடும். பெரிய மழைத்துளி விழுந்து மண் தெறித்தால் இலையெல்லாம் புள்ளி விழும், இளங்கன்று அழுகும். ஆகவே தலைக்கு மேல் ஒரு வலை வேண்டும். வலைகூட இல்லாமல் வருகிற கீரை வேண்டுமென்றால் சாயூர் மானிஸ். தமிழ்நாட்டில் தவசிக்கீரை என்பார்கள். ஒரு குச்சியை ஒடித்து நட்டால் போதும், வேலி ஓரமாக வருடக்கணக்கில் நின்று இலை கொடுக்கும். முட்டை போட்டுப் பிரட்டினால் பிள்ளைகள் சண்டை போட்டுச் சாப்பிடுவார்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: அதைப் பச்சையாக அரைத்துச் சாறு குடிக்காதீர்கள். 1990களின் நடுவில் தைவானில் உடம்பு இளைக்கும் என்று நம்பி அப்படிக் குடித்தவர்கள் பலருக்கு நுரையீரல் மீளாதபடி கெட்டுப்போனது. வேகவைத்து, அளவாகச் சாப்பிடுவதுதான் நம் வழக்கம். அந்த வழக்கத்தை மாற்றாதீர்கள்.

வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் ஈரத்தை விரும்புகிறவை. கால்வாய் ஓரத்தில் விட்டுவிடலாம். முருங்கையை மேட்டில்தான் நட வேண்டும், வேரில் தண்ணீர் நின்றால் போய்விடும். இங்கே மழையில் பூ கொட்டிவிடுவதால் காய் குறைவு. கீரைக்காக வளர்க்கிறேன் என்று முடிவுசெய்து இடுப்பு உயரத்தில் வெட்டிக்கொண்டே இருந்தால் மனசும் நிறையும், சட்டியும் நிறையும்.

கொடிகளில் இந்த ஊருக்கென்றே பிறந்த மாதிரி வருவது கச்சாங் போத்தோல், அதாவது சிறகவரை. பகல் குறுகினால்தான் பூக்கும் செடி அது. வெளிநாடுகளில் அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நமக்கு வருடம் முழுக்க 12 மணி நேரப் பகல்தானே, எப்போது விதைத்தாலும் பூக்கும். பிஞ்சு, பூ, கொழுந்து, கிழங்கு எல்லாமே சாப்பிடலாம். வேர் முடிச்சுகளில் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்கும் கொடுக்கும். பந்தலில் ஒரு கொடி இருந்தாலே வாரத்துக்கு இரண்டு பொரியலுக்கு ஆகும். மிளகாயில், கூலாய் மிளகாய் என்று பக்கத்து ஊர்ப் பெயரிலேயே ஒரு ரகம் இருக்கும்போது ஊரிலிருந்து குண்டு மிளகாய் விதை கொண்டுவர அவசியமே இல்லை.

பாகல், புடலை, பீர்க்கு போடுகிறவர்களுக்கு எதிரி பழ ஈ. பார்க்கக் குளவி மாதிரி இடுப்பு ஒடுங்கி இருக்கும். பிஞ்சின் தோலில் ஊசி போட்ட மாதிரி ஒரு புள்ளி வைத்து உள்ளே முட்டையிட்டுவிடும். இரண்டு நாளில் அந்த இடம் வளைந்து மஞ்சளாகும், வெட்டினால் உள்ளே புழு. மருந்து அடித்துப் பயனில்லை, முட்டை உள்ளே பாதுகாப்பாக இருக்கிறது. பூ வாடிய கையோடு பிஞ்சுக்கு உறை போடுவதுதான் வழி. கொய்யாவுக்கும் பெலிம்பிங்குக்கும் அதேதான். எங்கள் வீட்டில் பழைய நாளிதழ் தாளை நாலாக மடித்து, இரண்டு ஓரத்தையும் சோற்றுப்பசையால் ஒட்டிப் பை செய்வோம். கொய்யா சின்ன எலுமிச்சை அளவு வந்ததும், காம்போடு சேர்த்துப் பைக்குள் விட்டு வாயைச் சுருக்கி, வாழைநாரால் ஒரு சுற்று. இறுக்கிக் கட்டினால் காம்பு ஒடியும், தளர்த்தினால் ஈ நுழையும். காற்றில் பை ஆடும்போது காம்பு அசையாமல் இருந்தால் கட்டு சரி. மழையில் தாள் நைந்தால் மாற்றிவிட வேண்டும். மாலை நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இது.

துளசிக்கு இதில் ஒரு பங்கு உண்டு. துளசி இலையில் மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. கொய்யாவையும் பெலிம்பிங்கையும் தாக்கும் ஈயின் ஆண்கள் அதைத் தேடி வரும். இலையைக் கசக்கி, துளை போட்ட பாட்டிலில் கொஞ்சம் சோப்புத் தண்ணீரோடு தொங்கவிட்டால் விழும். ஆண் குறைந்தால் பெருக்கமும் குறையும். ஆனால் முட்டையிடுவது பெண் ஈ, அது இந்த வாசனைக்கு மயங்காது; பாகலைத் தாக்கும் ஈ வேறு இனம், அதன் ஆண்கூட இதற்கு வராது. ஆகவே துளசி துணைக்குத்தான். உறை போட்டே ஆக வேண்டும்.

பழமரத்தில் ஆசையை அடக்க வேண்டும். எல்லாரும் முதலில் கேட்பது மாமரம். மாமரம் பூக்க நல்ல காய்ச்சல் வேண்டும். பெர்லிஸில் வருட ஆரம்பத்தில் தெளிவான வறண்ட காலம் இருப்பதால்தான் ஹருமானிஸ் அங்கே அப்படிக் காய்க்கிறது. ஜொகூரின் தென்கோடியில் பூவெடுக்கும் நேரத்தில் மழை பெய்து, பூங்கொத்து முழுக்கக் கறுத்து உதிரும். கண்டிப்பாக மாமரம்தான் வேண்டும் என்றால் சொக்கானான் ரகம் பாருங்கள். தாய்லாந்து வழி வந்தது, வருடத்தில் ஒரு தடவைக்கு மேல் பூக்கும், ஒரு பூ போனாலும் அடுத்ததில் பிடித்துக்கொள்ளலாம்.

பப்பாளி விஷயத்தில் ஜொகூர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வேளாண் ஆராய்ச்சி நிலையமான மார்டி 1987இல் வெளியிட்ட எக்சோத்திகா இந்த நாட்டுக்கே பெயர் வாங்கிக் கொடுத்த பழம். ஆனால் 2003 வாக்கில் நம் மாநிலத்தில்தான் பப்பாளியின் குருத்தழுகல் நோய் முதலில் தலைகாட்டியது. பாக்டீரியாவால் வருவது. இலைக்காம்பில் எண்ணெய் பட்ட மாதிரி கரும்பச்சைத் தழும்பு, பிறகு உச்சி இலைகள் குடை மடங்கியது போல் தொங்கும், குருத்து அழுகி நாறும். அதற்கு மருந்து கிடையாது. அப்படித் தெரிந்தால் மரத்தை வெட்டி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். வெட்டிய பாராங்கைச் சுத்தம் செய்யாமல் இன்னொரு மரத்தில் வைக்காதீர்கள்.

எலுமிச்சைக்கும் லீமாவ் கஸ்தூரிக்கும் பக்கத்தில் கறிவேப்பிலை வைக்க வேண்டாம் என்று சொன்னால் நம்மவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும். எலுமிச்சை இனத்தில் பச்சை நோயைப் பரப்பும் சின்னத் தத்துப்பூச்சி கறிவேப்பிலைக் கொழுந்திலும் விரும்பிக் குடியிருக்கும். இரண்டும் வேண்டுமென்றால் ஒன்று முன்வாசலில், ஒன்று பின்கட்டில். எங்கள் வீட்டில் கறிவேப்பிலை முன்வாசலில். அதனால் ஒரு நன்மையும் உண்டு. பக்கத்து வீட்டு அக்கா "தம்பி, தாளிக்க ரெண்டு கொத்து ஒடிச்சிக்கிறேன்" என்று வேலிக்கு வெளியிலிருந்தே குரல் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்வார். எதிர்வீட்டு மக்சிக் கறி சமைக்கும் நாளில் அவர் பிள்ளை வருவான். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் ஏதாவது திரும்பி வரும்.

இடம் கொஞ்சமாக இருக்கிறவர்களுக்கு நான் மனசாரச் சொல்வது அன்னாசி. ஜொகூரின் சொந்தப் பயிர் என்றே சொல்லலாம். பொந்தியான் பக்கத்தில் பெக்கான் நானாஸ் என்று ஊரே இருக்கிறது. புளித்த மண்ணை அது பொறுத்துக்கொள்ளும், சுண்ணாம்பு கேட்காது. 1996இல் மார்டி கொடுத்த ஜோசப்பின் ரகம் சின்னக் குடும்பத்துக்கு அளவான பழம். பக்கக் கன்று நட்டால் ஒன்றரை வருடத்துக்குள் பழம் பார்க்கலாம். கடையில் வாங்கிய பழத்தின் கொண்டையை நட்டால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெயரிலேயே உள்ள தம்போய் பழத்தை வளர்க்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. தடித்த பழுப்புத் தோல், உள்ளே சுளை சுளையாக இனிக்கும் காட்டுப் பழம். ஆனால் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு, உயரமும் அதிகம். கம்போங்கில் பெரிய நிலம் உள்ளவர்கள் வளர்த்தால் புண்ணியம். தாமான் மனைக்கு ஆகாது.

தண்ணீர்த் தொட்டி, மழைநீர் டிரம் வைத்திருப்பவர்கள் மேலே கொசு வலை கட்டாமல் விடாதீர்கள். ஜொகூர் பாருவில் டிங்கி எப்படி இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் போடலாம். அபராதத்தை விடுங்கள், பக்கத்து வீட்டுக் குழந்தை நம் தொட்டியால் காய்ச்சலில் விழக்கூடாது. செடித் தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.

இதை எழுதும்போது அக்டோபர் பிறந்துவிட்டது. நவம்பர் மழைக்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. பாத்திகளுக்கு நடுவிலுள்ள கால்வாயைத் தூர் வாரி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு மழையில் நின்று பார்த்துவிடுங்கள். வாழைக்கு முட்டுக் கொடுங்கள். முருங்கையை வெட்டிவிடுங்கள். தக்காளி ஆசை உள்ளவர்கள் பிப்ரவரி வரை பொறுங்கள், நாற்றை ஜனவரிக் கடைசியில் கூரைக்கு அடியில் வைத்து வளர்த்தால் போதும். மரவள்ளி நடுகிறவர்களுக்கு இது நல்ல நேரம். முற்றிய தண்டில் ஒரு சாண் நீளக் குச்சி, கணு மேல்நோக்கி, மேட்டில் சாய்த்து நட வேண்டும். எட்டு முதல் பத்து மாதத்தில் கிழங்கு. என் வீட்டு மரவள்ளியை இந்த மாதக் கடைசியில் வெட்டப்போகிறேன். கிழங்கு எங்களுக்குப் போதும், குச்சி நிறைய மிஞ்சும். தம்போய், ஸ்கூடாய், லார்க்கின் பக்கம் இருக்கிற தெரிந்தவர்கள் வரும்போது ஒரு சாக்குப்பை மட்டும் கொண்டுவாருங்கள்.